நாற்பத்தொன்றாம் பதில்

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை, தன் மாணவிகளில் யாரோ ஒருத்தி எழுதிய நாற்பத்தொன்றாம் பதிலைப் படித்த அண்ணி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் மட்டும் வாயாடியின் அறை வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை எழுதினது யாருன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமா?"

"என்னால மட்டும் இல்ல அண்ணி, யாராலயும் முடியாது. படிவத்துக்குள்ள பேரே போகாது."

அண்ணி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிசயம் என்பதால், சின்ன வயதில் அண்ணன் அவளுக்குக் கிண்டலாக வைத்த பெயர் வாயாடி. அதுவே நிலைத்துவிட்டது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஒரு இணையப் படிப்புத் தளத்துக்குத்தான்.

அது எல்லாருக்கும் பொதுவான திறந்த மூல மென்பொருள். எந்தப் பள்ளியும் கட்டணமில்லாமல் எடுத்து இணையத்தில் வகுப்பு நடத்தலாம். முகம் தெரியாத பலர் ஆளுக்கு ஒரு பகுதியை எழுதித் தருகிறார்கள். வாயாடி எழுதியது அதற்குள் பொருந்தும் ஒரு கேள்விப் படிவம். ஆசிரியர்கள் கேள்விகளைக் கோக்கலாம். மாணவர்கள் பெயரில்லாமல் பதில் சொல்லலாம். எட்டு மாதத்தில் முன்னூற்றுப் பதினேழு இடங்களில் அதை எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று, அண்ணி தலைமை ஆசிரியையாக இருக்கும் நர்ஸ் பயிற்சிப் பள்ளி.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு வாயாடி தன் நிரலைத் திறந்தாள். அண்ணியிடம் சொன்னது சரிதான் என்று தனக்கே ஒரு முறை காட்டிக்கொள்ளத்தான்.

பதில்கள் சேரும் இடத்தில் கண் நின்றது. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், பதில் சொன்னவரின் எண். எண் இருந்தால் பெயரும் இருக்கிறது என்று அர்த்தம்.

எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதலில் அந்த எண் கிடையாது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணிதான் சொன்னாள். "பாதி எழுதும்போதே பிள்ளைங்களை வார்டுக்குக் கூப்பிட்டுடறாங்க. திரும்பி வந்து பார்த்தா மறுபடியும் ஒண்ணாவது கேள்வி. பாவமா இருக்கு."

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், வந்திருப்பது யார் என்று படிவத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காக எண்ணைச் சேர்த்தாள். எழுதி முடித்ததும் அதை அழித்துவிட வேண்டும். மறக்காமல் இருக்க நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பும் போட்டாள்: 'முடித்தபின் எண்ணை நீக்க வேண்டும். பிறகு செய்யலாம்.'

குறிப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே செய்ய வேண்டிய காரியம்தான் இல்லை.

அமைப்புப் பக்கத்தில் 'பெயரில்லாமல்' என்று ஒரு கட்டம். அதில் குறி இருக்கும்வரை திரை பெயர்களை மறைத்தது. மறைத்தது, அவ்வளவுதான். யாராவது அந்தக் குறியை எடுத்துவிட்டால்?

தன் கணினியில் இருந்த மாதிரிப் படிவத்தில் எடுத்துப் பார்த்தாள். சோதனைக்காக அவள் போட்டு வைத்திருந்த பொய்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

குறியைத் திரும்பப் போட்டுவிட்டு, சரிபார்க்கும் குழுவுக்கு எழுதினாள்.

தளத்துக்கு யார் எதை எழுதித் தந்தாலும் சரிபார்க்கும் அந்தக் குழுவில் ஆந்தை என்ற பட்டப்பெயரில் ஒருவர் இருந்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று வாயாடிக்குத் தெரியாது. எந்த நேரத்தில் எழுதினாலும் பதில் வரும். அன்றும் ஐந்து நிமிடத்தில் வந்தது.

'யாரிடமும் சொல்லாதே. திருத்தம் வரும்முன் இது வெளியே கசிந்தால் முன்னூற்றுப் பதினேழு இடத்திலும் யாராவது ஒருவருக்குக் கை அரிக்கும். மதியத்துக்குள் முடிக்க முடியுமா?'

முடியும் என்று எழுதினாள். பரிசோதனைக் கூடத்துக்கு விடுப்பு சொன்னாள். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அண்ணி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

"நேத்து ஒருத்தி பேசல. இன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிடல," என்றான் அண்ணன். அவன் லிஃப்ட் மெக்கானிக். "இது வீடா, நடுவுல நின்னுபோன லிஃப்டா? எந்தப் பட்டனை அமுக்கணும், சொல்லுங்க."

"சும்மா இருங்க," என்றாள் அண்ணி. "நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. செயலாளர் அந்தப் பதிலைப் படிச்சுட்டார். எழுதினவ யாருன்னுதான் முதல் கேள்வியே இருக்கும்."

"தெரியாதுன்னு சொல்லிட்டு வா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு அது என்ன தொலைஞ்சுபோன குடையா? நோயாளிங்க உயிருங்க."

அண்ணன் விளையாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பதில் அவனுக்கும் தெரியும். சனிக்கிழமை அண்ணி அதை உரக்கப் படித்திருந்தாள். வாயாடிக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

'பயிற்சியின்போது நீங்கள் பயந்த நேரம் உண்டா?' என்பது கேள்வி. நாற்பத்தொன்றாவதாக வந்த பதில் இது: 'ஒரு முறை மருந்தின் அளவை மாற்றி எடுத்துவிட்டேன். ஊசி போடும்முன் நானே கவனித்து நானே போய்ச் சொன்னேன். தலைமை ஆசிரியை என்னை வகுப்பின் முன்னால் நிற்க வைத்துப் பேசினார். அதிலிருந்து தப்பு நடந்தால் நாங்கள் யாரும் சொல்வதில்லை. இதுவரை இரண்டு நடந்திருக்கிறது. நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.'

"பேரு தெரிஞ்சா என்ன செய்வாங்க?" என்று கேட்டான் அண்ணன்.

"அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க. ரெண்டு வருஷப் படிப்பும் போச்சு." அண்ணி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "நேத்து சொன்னியேம்மா, யாராலயும் முடியாதுன்னு. நிச்சயம்தானே?"

வாயாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் ஆந்தைக்குக் கொடுத்த வாக்கு போகும்.

"அவகிட்ட போய் ரெண்டாவது தடவை கேக்கறியே," என்று சிரித்தான் அண்ணன். "ஒரு தடவை பதில் சொன்னதே பெருசு. இனி அடுத்த மாசம்தான்."

அண்ணியும் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்துவிட்டாள். அண்ணன் காப்பாற்றிவிட்டான். காப்பாற்றப்பட்டது வாயாடிக்குப் பிடிக்கவில்லை.

இருவரும் கிளம்பிப் போனபின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

எழுத வேண்டிய வரிகள் அதிகமில்லை. படிவத்தை முடித்து அனுப்பிய அந்த நொடியே எண் அழிய வேண்டும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பதில்களிலிருந்தும் அழிய வேண்டும். படிவம் ஒரு முறை திறந்துவிட்டால், 'பெயரில்லாமல்' என்ற குறியை அதன்பின் யாரும் எடுக்க முடியாதபடி பூட்ட வேண்டும். பத்தரைக்கு முடித்து அனுப்பினாள்.

பதினொன்றுக்கு ஆந்தை திருப்பி அனுப்பியது. 'பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள்? அவர்கள் எண் என்றைக்கும் அங்கேயே இருக்குமே.'

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏழு நாளில் அதுவும் அழியும்படி எழுதினாள். ஒன்றுக்கு மூன்று முறை சோதித்தாள். ஒரு மணி ஆகிவிட்டது.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. இந்த மென்பொருளில் எந்த மாற்றத்தையும் ஓசைப்படாமல் செய்ய முடியாது. எந்த வரியை யார், ஏன் மாற்றினார்கள் என்று எல்லாரும் படிக்கும்படி குறிப்பு போட வேண்டும். 'ஒரு பிழை இருந்தது. சரிசெய்யப்பட்டது' என்று எழுதினாள். அழித்தாள். 'பெயர்கள் வெளியாக வாய்ப்பு இருந்தது' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். கடைசியில் எழுதியது இது:

'பெயரில்லாத பதில்களோடு பெயர்களும் இத்தனை நாள் சேமிக்கப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்க முடியும் என்றில்லை. நிர்வாகத்தில் இருப்பவர்களால் முடியும். தவறு என்னுடையது. செய்ய வேண்டும் என்று குறித்து வைத்தும் செய்யாமல் விட்டேன். தயவுசெய்து உடனே புதுப்பியுங்கள்.'

'தவறைப் பற்றிய இரண்டு வரியும் உன்னை நீயே அடித்துக்கொள்வது மாதிரி இருக்கிறது. தேவையில்லை,' என்று எழுதியது ஆந்தை.

'இருக்கட்டும்,' என்று எழுதினாள்.

இரண்டரை மணிக்கு எல்லா இடத்துக்கும் அறிவிப்பு போனது. போனால் போதாது. அந்தந்த இடத்தில் உட்கார்ந்து யாராவது திருத்தத்தைப் போட வேண்டும். பயிற்சிப் பள்ளியில் அது இன்னும் சிக்கல். ஒரு முறை அப்டேட் போட்டபோது பரீட்சைக்கு முந்தின நாள் வருகைப் பதிவு மொத்தமும் காணாமல் போய்விட்டது. அன்றிலிருந்து தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் கணினிப் பொறுப்பாளர் ஒரு பொத்தானைக்கூடத் தொடுவதில்லை.

அதாவது, பெயர்களை அழிக்க வேண்டுமென்றால், பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் ஆளிடமே போய், பெயர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

வாயாடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணியின் அறை பயிற்சிக்கூடத்தை ஒட்டி இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆறு கட்டில்கள், ஆறு ரப்பர் பொம்மை நோயாளிகள். வெள்ளைக் கோட்டுப் பெண்கள் சிலர் குப்பியிலிருந்து வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அளவைச் சொல்ல, இன்னொருத்தி எழுதினாள். நாற்பத்தொன்று இவர்களில் ஒருத்தியாகக்கூட இருக்கலாம். வாயாடி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயா? என்ன ஆச்சு, உங்க அண்ணனுக்கு ஏதாவது…"

"அண்ணன் நல்லா இருக்கான். நான் நேத்து சொன்னது தப்பு அண்ணி."

"எது?"

"யாராலயும் முடியாதுன்னு சொன்னேனே, அது. முடியும். பேரு எல்லாம் உள்ளதான் இருக்கு. நான் அழிக்க மறந்துட்டேன். எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

அண்ணி பேனாவை மூடி வைத்தாள்.

"காலையில சாப்பிடும்போது தெரியுமா?"

"தெரியும்."

"அழுத்தக்காரிடி நீ." திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "சரி. எங்க இருக்கு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை. "அமைப்புப் பக்கம். கீழ 'பெயரில்லாமல்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல இருக்கற குறியை எடுத்தாப் போதும்."

அண்ணி கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பக்கம் திறந்தது. கட்டம் இருந்தது. சுட்டி அதன்மேல் போய் நின்றது.

"அண்ணி, இதுல கையெழுத்து வேணும்." வாயாடி வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்த தாளை மேஜையில் வைத்தாள். "இதைப் போட்டா எல்லாப் பேரும் அழிஞ்சிடும். நீங்க இப்பப் பார்த்தாலும் என்னால தடுக்க முடியாது. ஆனா அவங்க என்னை நம்பித்தான் எழுதினாங்க. என்னை அவங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் என்னைத்தான் நம்பினாங்க. பேரு தெரிஞ்சுதுன்னா ஒருத்திக்குத் தண்டனை கிடைக்கும். அடுத்த தடவை நீங்க என்ன கேட்டாலும், எல்லாம் நல்லா இருக்குன்னு நூத்தி இருபது பேரும் எழுதுவாங்க. அதை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

பிறந்ததிலிருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. காது சுட்டது.

அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுட்டியும் நகரவில்லை.

"நேத்து பூரா நான் என்ன பண்ணேன் தெரியுமா?" என்றாள். "எழுதினது யாருன்னு கண்டுபிடிக்க உன் கம்ப்யூட்டர் எதுக்குன்னு நெனச்சேன். நிக்க வெச்சு ஒருத்தியைப் பேசியிருக்கேன், அவ்வளவுதானே? யோசிச்சா முகம் வந்துடும்னு உக்காந்தேன். ஒரு முகம் வந்துது. அப்புறம் இன்னொண்ணு. எண்ணிக்கிட்டே போனேன். பதினொண்ணு வரைக்கும் வந்துது. அதுக்கு மேல எண்ணல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி எதற்கோ சிரித்தாள். உடனே அண்ணியின் அறையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணியும் அதைப் பார்த்தாள்.

"என்னையும் இப்படித்தான் நிக்க வெச்சாங்க," என்றாள் அண்ணி. "கண்டிப்பு இருந்தாத்தான் கை நடுங்காதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. நானும் அதையே…" சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். "ரெண்டு தப்பு நடந்திருக்கு. அவ செஞ்சதுன்னு எழுதல, 'நாங்க'ன்னு எழுதியிருக்கா. அவ பேரைத் தெரிஞ்சுக்கிட்டா அவளை மட்டும்தான் கேப்பேன். மத்தவளுங்க வாய் இன்னும் இறுகிடும். எந்த மருந்து, எந்த வார்டு, ஒண்ணும் எனக்குத் தெரியாமயே போயிடும்."

"கமிட்டியில என்ன சொல்வீங்க?"

"போகும்போது யோசிக்கிறேன். தாளைக் குடு."

கையெழுத்துப் போட்டாள். தேதியும் நேரமும் எழுதினாள். மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது.

கணினிப் பொறுப்பாளர் தாளை இரண்டு முறை படித்தார். "வருகைப் பதிவை இது தின்னாதே?"

"தின்னாது சார். இது வேற."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க."

முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். இரண்டு நிமிடம் ஆனது. வாயாடி உள்ளே போய்ப் பார்த்தாள். நாற்பத்தொன்றாம் பதில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. மேலும் கீழும் இருந்த பதில்களுக்குப் பக்கத்திலும் ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு அண்ணி கோப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். படியேறும்முன் புடவைத் தலைப்பை இரண்டு முறை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

வாயாடி அண்ணியின் அறையிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். எத்தனை இடத்தில் புதுப்பித்திருக்கிறார்கள் என்ற கணக்கு ஏறிக்கொண்டே வந்தது. ஐம்பத்திரண்டு. தொண்ணூறு. நூற்று எட்டு. 'நல்ல வேகம்,' என்றது ஆந்தை. 'போய் ஏதாவது சாப்பிடு.'

நாலரைக்கு அண்ணன் போன் செய்தான். "ரெண்டு பேரும் எங்க? பூட்டின வீட்டு முன்னால நிக்கறேன்."

"ஸ்கூல்ல. அண்ணி மீட்டிங்ல இருக்காங்க."

"நீ எதுக்கு அங்க?"

"வந்து சொல்றேன்."

"நீ? சொல்லப்போறியா?" அண்ணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது. "ஏதாவது பிரச்சனையா? வரட்டுமா?"

"வேண்டாம்ணா. முடிஞ்சுது."

அப்படித்தான் நினைத்தாள். போனை வைத்தபோது கணினியில் ஒரு கடிதம் வந்திருந்தது. தெரியாத முகவரி.

'நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் ஒரு நெசவாலையில் வேலை செய்தவள். தொழிலாளர் பயிற்சிக்கு எங்களுக்கும் இந்தத் தளம்தான். போன மாதம் உங்கள் படிவத்தில் பாதுகாப்பு பற்றிக் கேட்டார்கள். இயந்திரத்துக்குத் தடுப்புக் கம்பி இல்லை என்று ஆறு பேர் எழுதினோம். மறுநாளே ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேறு வேறு காரணம் சொல்லி நிறுத்திவிட்டார்கள். எங்களில் யாரோ ஒருத்தி காட்டிக்கொடுத்துவிட்டதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சே இல்லை. நாளைக் காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. பெயர் எப்படி வெளியே வந்தது என்று சொல்ல எங்களிடம் யாரும் இல்லை. திரை வழியாகப் பேசினால் போதும் என்கிறார்கள். நீங்கள் வந்து சொல்வீர்களா?'

வாயாடி அதைக் கடைசிவரை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணி உள்ளே வந்தாள். கோப்பை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன சொன்னாங்க அண்ணி?"

"அப்புறம் சொல்றேன். உன் முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

வாயாடி கணினியைத் திருப்பிக் காட்டினாள். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'பேச்சே இல்லை' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, மூச்சு விட்டு, மீதியைப் படித்தாள்.

"அங்க நாலஞ்சு அதிகாரிங்க உக்காந்திருப்பாங்க," என்றாள். "கம்பெனிக்காரன் வக்கீலோட வருவான். தப்பு உன்னோடதுதானேன்னு உன்னையே திருப்பிப் பிடிப்பான். இங்க பேசின மாதிரி இருக்காது. தெரியுமா?"

"தெரியும்."

"பேசுவியா?"

வாயாடி கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 'வருகிறேன். சொல்கிறேன்,' என்று எழுதி, திரும்பப் படித்துப் பார்க்காமல் அனுப்பினாள்.

ஒரு நிமிடத்தில் விசாரணைக்கான இணைப்பு வந்தது. கடிதத்தின் கீழே, கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வாயாடி பெயரைக் கேட்கவில்லை.